நசிப்பாவின் கண்ணளவு

விடிந்ததும் எழுந்துகொள்வது எனக்கு இரண்டு தவணையில் நடக்கிற காரியம். முதல் தவணையில் கண் மட்டும் விழிக்கும். மற்றதெல்லாம் நனைந்த கம்பளமாகக் கிடக்கும். என் புருஷன் இசாபெக், மாத்திரையையும் உப்புப் போட்ட பால் தேநீரையும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, மினிபஸ்ஸைக் கிளப்பப் போய்விடுவார். நான் விழுங்கிவிட்டுக் கூரைப் பலகைகளைப் பார்த்தபடி படுத்திருப்பேன். வெளியே வண்டி உறுமுவதும் அணைவதுமாக இருக்கும். அது சூடாகிற நேரமும் நான் சூடாகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டாம் தவணையில் காலைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் இருட்டுவது நிற்கிறதா என்று பார்த்து எழுந்து நிற்பேன். அவர் இந்தச் சடங்கை ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. அலுத்துக்கொள்வது நான்தான்.

அன்றைக்கு அவர் வண்டியைக் கிளப்பவில்லை. எங்கள் மகள் பெர்மெத்துக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய, ஏரிக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். இசாபெக்கின் அக்கா, என் நாத்தனார், முந்தின நாளே வந்து அடுக்களையைக் கைப்பற்றிவிட்டிருந்தாள்.

“மகாராணி கண்ணத் தொறந்தாச்சா? ஆடே அறுத்தாச்சு, இவ இன்னும் எந்திரிக்கல!”

“தொறந்தாச்சு அண்ணி. கால் மட்டும் இன்னும் தூங்குது.”

“ஒன் காலுக்கு என்னடி கொறச்சல்? தூணு மாதிரி வெச்சிருக்க.”

அது பாராட்டு. அழுத்தினால் விரல் பட்ட பள்ளம் அப்படியே நிற்கிற கால் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பாராட்டு. எங்கள் நரின் மலைப் பக்கத்தில் ஒருத்தி பருத்திருக்கிறாள் என்றால், வீட்டில் இறைச்சிக்குப் பஞ்சமில்லை, புருஷன் நல்லவன், மனதில் கவலை இல்லை என்று பொருள். பனி கரைந்து நான் வெளியே தலைகாட்டத் தொடங்கியதிலிருந்து, வழியில் பார்க்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளாத குறை. ‘கண்ணு படப்போவுது புருல்’ என்றார்கள். ‘இசாபெக் இப்பத்தான் பொண்டாட்டிக்குச் சோறு போடுறான் போல’ என்று அவரையும் சேர்த்துக் கிண்டல் செய்தார்கள். இந்தச் சதை என்னுடையது இல்லை, மாத்திரையுடையது என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. முகம் வட்டமாகி, தாடை எங்கே முடிகிறது கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விட்டது. பிடரிக்குக் கீழே சின்னதாய் ஒரு திமில். ராத்திரி முழுக்கப் பசி, தூக்கமில்லை, ஒன்றுமில்லாததற்குக் கோபம் வருகிறது, பிறகு அந்தக் கோபத்துக்காக அழுகை வருகிறது. இவ்வளவையும் சுமந்துகொண்டு நான் நடந்தால், அதோ பார் வாழ்கிற பொம்பளை என்கிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் நான் வேறொருத்தி. எலும்பும் தோலும், அந்தத் தோலும் கறுத்தது. வெயில் படாத இடமெல்லாம் கறுத்தது. ஈறு கறுத்தது, முழங்கை மடிப்பு கறுத்தது, சின்ன வயதில் அடுப்பு சுட்ட தழும்பு மறுபடி கறுத்தது. மலைமேல் மேய்ச்சலுக்குப் போய்வந்த கறுப்பு என்று கேட்டவர்களுக்குச் சொன்னோம். அந்த வருஷம் நான் வாசலுக்குப் போனதே பெரிய பயணம். உப்பின்மேல் ஒரு வெறி வேறு வந்திருந்தது. உப்பில் ஊறவைத்த வெள்ளரிக்காயை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு அந்தத் தண்ணீரை நான் குடிப்பேன். ஆடுகள் நக்குவதற்காகத் தொழுவத்தில் போட்டிருந்த பாறை உப்பில் ஒரு சில்லை உடைத்து, பாத்திரம் கழுவும்போது கடைவாயில் அடக்கிக்கொள்வேன். ஒருநாள் நாத்தனார் பார்த்துவிட்டு, “ஆட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி” என்றாள். இருவரும் சிரித்தோம். வேறு என்ன செய்வது? காசநோய் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் வீட்டில் தேநீர் கொடுத்தால் கோப்பையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்கள்.

அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் மாப்பிள்ளையின் தாய் நசிப்பா முதல் தடவை வந்தாள். முன்கூட்டிச் சொல்லாமல், நரின் டவுனுக்கு வந்த காரில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். ஏரிக்கரையில் அவள் பேர்போன தையற்காரி. கல்யாணத்துக்கு வெல்வெட் மேலங்கி தைப்பதென்றால் அவள்தான். அளவு நாடாவைக் கையால் தொடமாட்டாள் என்றும், ஆளை ஒருதரம் பார்த்தால் போதும் என்றும் சொல்வார்கள், அவளும் சொல்லிக்கொள்வாள். உட்கார்ந்ததுமே, “தாயப் பாத்துப் பொண்ண எடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. அதான் வந்தேன்” என்று சிரித்தாள். நான் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசினால் வாந்தி வரும் போலிருந்ததால் வாயைத் திறக்கவே இல்லை. அவள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள், தேநீர் குடித்தாள், என்னைப் பார்த்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றாள். சம்பந்தம் முறிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். முறியவில்லை.

குளிர் இறங்கியதும் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான் நினைவு. பனி மூடிய கணவாயைத் தாண்டி இசாபெக் என்னை மினிபஸ்ஸில் நரினுக்குக் கொண்டுபோனாராம், அங்கிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு. வழியெல்லாம் பின்சீட்டைப் பார்த்து என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். பிஷ்கெக்கில் ஓர் இளம் டாக்டர் பெண் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “சிறுநீரகத்து மேல கல்பாக் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கும் அக்கா. ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் அந்தத் தொப்பி காஞ்சு போச்சு. அது செய்யற வேலைய இனிமே மாத்திரை செய்யும். சாகற வரைக்கும் சாப்பிடணும். நடுவுல நிறுத்தினீங்கன்னா அந்த ‘வரைக்கும்’ சீக்கிரம் வந்துடும்” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மாத்திரையின் அளவுதான் இன்னும் பிடிபடவில்லை. கூட்டினால் ஊதுகிறேன், குறைத்தால் சாய்கிறேன். கறுப்பு மெல்ல மெல்ல வடிந்து, என் ஆயுளில் இல்லாத வெளுப்பு வந்துவிட்டது.

மெலிந்து கிடந்தபோது எதிரே வருகிறவர்கள் எல்லாம் ‘ஒடம்பு எப்படி இருக்கு’ என்று கேட்டார்கள். ஊதிய பிறகு ஒருவரும் கேட்பதில்லை. களைப்பு அதேதான், எலும்புக்குள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலே கொழுப்பைப் பூசி மறைத்தாயிற்று. இது எனக்கு வலித்தது, யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று குடும்பமாக முடிவு செய்தோம். ஆயுள் முழுக்க மாத்திரை தின்கிற தாயின் பெண்ணை யார் எடுப்பார்கள்? நோய் ரத்தத்தில் ஓடுகிறது என்பார்கள். பெர்மெத் பிஷ்கெக்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், அங்கேதான் உலானைச் சந்தித்தாள். அன்றைக்குக் காலையில் என் தலையை வாரிவிட்டபடி அவள் சொன்னாள்:

“உலானுக்கு எல்லாம் தெரியும்மா. அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லல. தோடு போட்டு முடியட்டும், அப்பறமா நானே சொல்றேன்னான்.”

“அப்பறம் சொன்னா மட்டும் இனிக்குமா?”

“தோடு போட்டுட்டா அவங்க வார்த்த மாற மாட்டாங்க.” சீப்பு நின்றது. “இது நின்னுபோச்சுன்னா எனக்கு வேற எதுவும் வேணாம்மா. இப்பவே சொல்லிட்டேன்.”

பழைய தோட்டைக் கழற்றியிருந்தாள். காது மடல் வெறுமையாக, குழந்தைக் காதாகத் தெரிந்தது. இருபத்து நான்கு வயதில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் இந்தப் பையன்தான். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, மாத்திரையில் இன்னும் பாதியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். விசேஷ நாளில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருந்தாள்.

இவ்வளவு யோசித்த எங்களில் ஒருவருக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை. நான் சதை போட்டது நல்லதாயிற்று, இந்தத் தடவை சம்பந்தி பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்றே எல்லோரும் பேசிக்கொண்டோம்.

பகல் ஏறும்போது கார் வந்து நின்றது. நசிப்பா இறங்கினாள். அவள் மாமனாரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். காது கேளாத பெரியவர், வெள்ளைத் தாடி, துஆ ஓதி வாழ்த்துவதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். பின்னால் உறவுப் பெண்கள் இரண்டு பேர். நான் வாசலில் நின்று நசிப்பாவைத் தழுவிக்கொண்டேன். அவளும் தழுவினாள், யாரோ ஒரு தூரத்துச் சொந்தத்தைத் தழுவுகிற மரியாதையோடு. பிறகு என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். காலணி கழற்றுகிற சந்தடியில் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். பெர்மெத் வழக்கப்படி மூலையில் திரைக்குப் பின்னால். தேநீர் இரண்டு சுற்று போயிற்று. நாத்தனார், வேகவைத்த ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதை இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டால் சம்பந்தம் உறுதி, அதன்பின் முறித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதற்கு முன் நசிப்பா தன் மூட்டையை அவிழ்த்தாள். துணி முடிச்சிலிருந்து வெள்ளித் தோடு இரண்டை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு கரும்பச்சை வெல்வெட்டில் ஒரு மேலங்கியை எடுத்து உதறினாள். கழுத்திலும் கையிலும் பொன்னிழையில் ஆட்டுக்கொம்புக் கோலம். பெண்கள் எல்லோருக்கும் மூச்சு நின்றது.

“பால்கடன்” என்றாள் நசிப்பா. பெண்ணுக்குப் பால் கொடுத்தவளுக்கு மாப்பிள்ளை வீடு செய்கிற மரியாதை. “இத நானே அவங்க தோள்ல போட்டு விடணும். எங்க அவங்க? வந்ததுலேந்து கண்ணுல படல.”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நாங்கள் சிரித்தோம்.

“எதுத்தாப்ல மலை மாதிரி ஒக்காந்திருக்காளே, இன்னுமா தெரியல?” என்றாள் நாத்தனார்.

நசிப்பாவும் மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வலது கை முழங்கைவரை போயிற்று. இடது கை நுழையவே இல்லை. அங்கி முதுகின் நடுவில் சிக்கிக்கொண்டு நின்றது. வேறு யாராவது என்றால் கொஞ்சம் இழுத்துப் பார்த்திருப்பார்கள். அவள் இழுக்கவில்லை. மெதுவாக உருவி எடுத்து, மடித்து, உட்கார்ந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்கு அடுத்து உட்கார்ந்தேன்.

“என் கண்ணளவு தப்பாது” என்றாள். “ரெண்டு விரக்கட கூடக் கொறச்சல் இருக்கலாம். ஒரு ஆளே கூடக் கொறச்சல் இருக்காது.”

“ஒடம்பு போட்டுட்டேன் சம்பந்தி” என்றேன்.

“ஒடம்பு போடலாம். நெறம் மாறுமா? மூஞ்சி மாறுமா? நான் பாத்தவங்க கறுப்பு. கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி… நான் அவங்கள மறக்கல. தாயப் பாத்துத்தான் நான் தலையாட்டினேன். இப்ப வேற யாரையோ தாயின்னு ஒக்கார வெச்சிருக்கீங்க. ஏன்?”

“ஒசரம் அதேதானே சம்பந்தி, நல்லாப் பாருங்க” என்றார் இசாபெக், பாவம் போல.

“அக்கா தங்கச்சின்னா ஒசரம் ஒண்ணாத்தான் இருக்கும்.”

“பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வரட்டா?” என்று பாதி எழுந்தவர், என் பார்வையைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதில் இருக்கிறவள் மூன்றாமவள். நோய்க்கு முன்னால் எடுத்தது. சுமாரான உடம்பு, சுமாரான நிறம், சிரிப்பு. அவளை இந்த அறைக்குக் கொண்டுவந்தால் குழப்பம்தான் கூடும்.

சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். திரையின் இடுக்கில் பெர்மெத்தின் ஒரு காது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நோய்க்கார வீடு, சொல்லாவிட்டால் ஆள்மாறாட்டக்கார வீடு. எதைச் சொன்னால் அந்தக் காதுக்குத் தோடு கிடைக்கும் என்று என் மந்தமான தலையால் கணக்குப் போட முடியவில்லை. அதற்குள் நாத்தனார் பாய்ந்துவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பதை வேதவாக்காகக் கொண்டவள் அவள்.

“மன்னிச்சுக்கங்க சம்பந்தி. தங்கச்சின்னு நீங்களே சொல்லிட்டீங்க, இனி என்னத்த மறைக்க. அன்னிக்கு நீங்க சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. புருல் பிஷ்கெக் போயிருந்தா. வாசலுக்கு வந்த சம்பந்திய எப்படித் திருப்பி அனுப்பறது? அவ தங்கச்சி இங்க இருந்தா, ஒக்கார வெச்சோம். அப்பறம் சொல்ல வெக்கமாப் போச்சு. பெத்தவ இவதான், பால் குடுத்தவ இவதான். அல்லா மேல ஆணை.”

பொய்யின் கடைசி இரண்டு வரி உண்மை என்பதால் ஆணை சுத்தமாக வந்து விழுந்தது. உறவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நசிப்பா நீளமாக மூச்சு விட்டாள். தன் கண் தப்பவில்லை என்றானதில் அவள் முகம் இளகுவதை நான் பார்த்தேன்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? சித்தியும் தாய்தானே. நான் என்ன கடிச்சா முழுங்கியிருப்பேன்?” என்றாள். மடியிலிருந்த அங்கியைத் தடவினாள். “சரி, விடுங்க. ஒங்களுக்கு வேற தெச்சு அனுப்பறேன். இது அவங்க அளவுக்குத் தெச்சது, அவங்களுக்கே போட்டுட்டுப் போறேன். கூப்புடுங்க.”

நாத்தனாரின் கண் அறையைச் சுற்றி ஓடியது, ஏதாவது ஒரு ஒல்லித் தங்கை எங்கிருந்தாவது முளைக்கமாட்டாளா என்று.

“அவ…” என்றாள். “குளிர்ல… போயிட்டா சம்பந்தி.”

“எங்க போனாங்க?”

“போயிட்டா.”

எல்லோருக்கும் புரிந்தது. நசிப்பாவின் கை வாய்க்குப் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவள் கண் நிறைந்து வழிந்தது.

“அன்னிக்கே நெனச்சேன்” என்றாள். “கையப் புடிச்சேன், கையில சூடே இல்ல. ஒரு வார்த்த பேசல, ஆனா என் கோப்ப காலியாச்சான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. தன்னால ஒக்கார முடியல, எனக்கு ஊத்திக்கிட்டே இருந்தாங்க. குளிர் பூரா அவங்க நெனப்புதான். இந்த அங்கிக்குள்ள ஒட்டகக் கம்பளி வெச்சேன், வெல்வெட்டு மட்டும் அந்த எலும்புக்குப் பத்தாதேன்னு. போகும்போது நல்லா சாப்புடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன் பாருங்க. சாப்புட முடிஞ்சா அவங்க சாப்புட மாட்டாங்களா? எவ்வளவு களைப்பா இருந்தாங்க…”

அவள் மேலங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன், ஆறு மாதத்துச் சதையோடு. அந்த ஒல்லிக்காரிக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. ஊர் அவளைக் கண்டு கோப்பையைச் சுற்றிப் பார்த்தது. வீடு அவளைப் பார்த்துப் பயந்தது. நானே அவளைச் சீக்கிரம் மறந்துவிடப் பார்த்தேன். தேநீர் ஊற்றியது எனக்கு நினைவில்லை. இவளுக்கு நினைவிருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்தவள், அந்த எலும்புகளுக்காகக் குளிர் முழுக்க உட்கார்ந்து கம்பளி வைத்துத் தைத்திருக்கிறாள். நான்தான் அது, இதோ இருக்கிறேன், களைப்பு இன்னும் தீரவில்லை என்று அவள் மடியில் விழுந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. அவ்வளவு பொறாமை வந்தது, என் மேலேயே எனக்கு.

எதிரே விசும்பல் கேட்டது. இசாபெக். தலையைக் குனிந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தார். கணவாயில் பின்சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு அவர் அழுதிருக்கமாட்டார், வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

“மச்சினிக்காக இப்படி அழறாரே, தங்கமான மனுஷன்” என்றாள் உறவுப் பெண்களில் ஒருத்தி, மெதுவாக.

பெரியவர் தாடியை ஆட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “என்ன ஆச்சு? எதுக்கு அழுவுறீங்க?”

நசிப்பா அவர் காதுப் பக்கம் குனிந்து கத்தினாள்: “சம்பந்தியம்மாவோட தங்கச்சி தவறிட்டாங்களாம் மாமா! குளிர்ல!”

“அடடா. மூடுன மண்ணு பட்டுத்துணி மாதிரி இருக்கட்டும், பட்டு மாதிரி இருக்கட்டும்” என்றார் அவர். “செத்தவங்களுக்கு ஓதாம எப்படிக் கொழுப்புத் தட்டுல கைய வைக்கறது? மொதல்ல ஓதிடுவோம்.”

நாத்தனார் தடுக்கப் பார்த்தாள். துக்கம் கேட்ட வீட்டில் ஓதமாட்டேன் என்று சொல்ல எந்தப் பொய்யும் உதவாது. பெரியவர் தொண்டையைச் செருமி, கையை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். நசிப்பா ஏந்தினாள், தோடு இரண்டும் அவள் இடது உள்ளங்கையிலேயே கிடந்தன. இசாபெக் ஏந்தினார். நானும் ஏந்தினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் ஏந்தினேன். பெரியவரின் குரல் வயதுக்கு மீறித் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வசனமும் அறையின் நான்கு மூலைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்தது. தட்டில் கொழுப்பு ஆறி வெள்ளையாகிக்கொண்டிருந்தது. குளிரில் விழுந்து கிடந்த அந்தப் பெண்ணுக்கு இது சேரட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு இது கிடைக்க வேண்டியதுதான். அவள் பட்டபாட்டுக்கு ஒருவர் உட்கார்ந்து ஓதினால் தப்பில்லை.

அவர் முடித்தார். கையை இறக்கவில்லை. ஓதியதை இறந்தவர் பேருக்குச் சேர்க்க வேண்டும்.

“யாரு பேருக்குச் சேக்கணும்?” என்று கேட்டு, என்னைப் பார்த்தார். “தங்கச்சி பேரச் சொல்லு தாயி.”

ஏந்திய கைகளுக்கு மேலாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனாரின் உதடு எதிரிலிருந்து ஏதோ ஒரு பேரைச் சத்தமில்லாமல் ஊட்டியது. நல்ல பேராகத்தான் இருக்கும். அதைச் சொன்னால் முடிந்தது. கையால் முகத்தைத் தடவி, கொழுப்பை ஊட்டி, திரையை விலக்கி, தோட்டைப் போட்டுவிடலாம். இல்லாத ஒருத்திக்கு எல்லாம் போய்ச் சேரும், நசிப்பாவின் அழுகை, ஒட்டகக் கம்பளி, புருஷனின் விசும்பல், எல்லாம். நான் பருத்தவளாக, கவலையில்லாதவளாக மிச்சமிருப்பேன். சாகிற வரைக்கும் ஒருவரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

பெர்மெத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

“புருல்.”

பலமாகச் சொல்லத் தெம்பு இல்லை. நாத்தனாரின் உதடு நின்றுபோயிற்று. இசாபெக் விசும்பலை விழுங்கினார். பெரியவர் காதைத் திருப்பி, “ஆ? என்ன பேரு?” என்றார்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த நசிப்பாவுக்குக் கேட்டுவிட்டது. கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினாள். முகத்தில் நிற்கவில்லை அவள் பார்வை. கழுத்தோரம் வந்தது, தோளிலிருந்து தோளுக்குப் போயிற்று, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, மறுபடி ஏறி, என் கண்ணில் வந்து நின்றது. அவசரப்படவில்லை. நானும் அசையாமல் இருந்தேன், அளவு கொடுக்கிறவர்கள் நிற்பதைப் போல.

“யாராவது சத்தமாச் சொல்லுங்களேன்” என்றார் பெரியவர். “கை நோவுது.”

திரை லேசாக அசைந்தது. நசிப்பா, தோடு கிடந்த கையை அப்படியே ஏந்தியபடி, மாமனாரின் காதுப் பக்கம் குனிந்தாள். அறையில் எல்லோருடைய கையும் மேலேயே இருந்தது. பேர் வராமல் யாரும் இறக்க முடியாது.